தாடிபத்ரிக்குக் கல் வாங்கப் போனோம்

ஊருக்குப் போனால் புடவை வாங்கி வருவார்கள், பாத்திரம் வாங்கி வருவார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆந்திராவுக்குப் போய்க் கல் வாங்கி வந்தோம் என்று எங்கள் தெருவில் இன்னும் சிரிக்கிறார்கள். "அரக்கோணத்தில் இல்லாத கல்லா அக்கா? இதுக்குப் போயி ரயில் ஏறுவாங்களா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். சிரிக்கட்டும். நாங்கள் ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முன்பு கூடம், நடை எல்லாம் சிவப்புக் காவித் தரை. என் மாமனார் காலத்தில் போட்டது. அங்கங்கே வெடித்திருந்தாலும் வெறுங்காலுக்குச் சுகமாக இருக்கும். மூத்த பெண்ணின் கல்யாணம் நிச்சயமானதும் எனக்கு ஓர் ஆசை வந்தது. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், தரை கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும் என்று. அத்தை (என் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்), "இருக்கிற தரைக்கு என்ன கேடு?" என்று ஒரு தடவை கேட்டார். நான் கேட்கவில்லை. காவித் தரையைப் பெயர்த்துவிட்டு வழவழவென்று வெள்ளை டைல்ஸ் போட்டோம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். நானும் பூரித்துப் போனேன்.

இரண்டாவது வருஷம் ஐப்பசி மழையில், குளியலறையிலிருந்து ஈரக் காலோடு வந்த அத்தை அந்த வெள்ளைத் தரையில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், ஆறு மாதப் படுக்கை, பிறகு கைத்தடி. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "கால் தவறிடுச்சு, வயசாச்சில்ல" என்றே சொன்னார். தரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் வைத்து, நின்று, மறு கால் வைப்பார். சமையலறைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். நாற்பது வருஷம் அந்த அடுப்படியை ஆண்ட மனுஷி! "வழுக்காத தரையாக இருந்தால் பயம் தெளியும்" என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து சீட்டுப் பணத்தில் கைவைக்காமல் சேர்த்தேன். அத்தையின் அறையிலிருந்து குளியலறை வரை உள்ள நடை, சமையலறை, பின்கட்டு. எல்லாம் சேர்த்து 310 சதுர அடி. இயற்கைக் கல் போடுவது என்று முடிவு செய்தோம்.

உள்ளூரில் ஒரு கடையில் கடப்பாக்கல் காட்டினார்கள். மை போலக் கறுப்பு. எனக்குப் பிடித்துவிட்டது. கூட வந்த சின்னப் பெண் கைப்பையிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை எடுத்து, கைக்குட்டையில் நனைத்து, கல்லில் தேய்த்துப் பார்த்தாள். கைக்குட்டை கறுப்பாகிவிட்டது! கல் கொஞ்சம் சாம்பலாக எட்டிப் பார்த்தது. கடைக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வெளுத்த கல்லைக் கறுப்பாகக் காட்ட எண்ணெயோ சாயமோ பூசி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. இவளுக்கு இந்த வித்தை எங்கே தெரிந்தது என்று கேட்காதீர்கள், காலேஜில் படிக்கிற பெண்கள் எதையெதையோ தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

"கல் கிடைக்கிற ஊருக்கே போய்ப் பார்த்துட்டா என்ன?" என்றார் என் வீட்டுக்காரர். ரயில்வேயில் வேலை, பாஸ் இருக்கிறது, தெலுங்கும் பேசுவார். தாடிபத்ரியில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரும் இருக்கிறார். அதோடு, பக்கத்தில் பேலம் குகை என்று ஒன்று இருப்பதாகவும், அதைப் பார்க்க வேண்டும் என்று தனக்கு ரொம்ப நாளாக ஆசை என்றும் மெதுவாகச் சொன்னார். அதுதானே பார்த்தேன், காரணமில்லாமல் இவ்வளவு சுறுசுறுப்பு வராதே! அத்தைக்குத் துணையாக என் நாத்தனாரை வரவழைத்துவிட்டுக் கிளம்பினோம்.

அரக்கோணத்தில் பகல் வண்டி. திருத்தணி, ரேணிகுண்டா தாண்டியதும் பெரிய மரங்கள் குறைந்தன. கோடூர் பக்கம் மாந்தோப்பும் வாழைத் தோட்டமுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ராஜம்பேட்டை, நந்தலூர், பிறகு கடப்பா. வெயில் ஏற ஏற மண்ணின் நிறம் மாறியது. எர்ரகுண்ட்லா பக்கம் சிமெண்ட் ஆலைகள். "சிமெண்ட் எதிலேருந்து வருது தெரியுமா? சுண்ணாம்புக்கல்லு. நாம வாங்கப் போற கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக்கல்லுதான்" என்றார் இவர். கறுப்பாக இருக்கிற கல் எப்படி சுண்ணாம்பாகும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குப் பிறகு ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே வந்தேன். நம் பக்கம் முள்வேலி போடுகிற இடத்தில் அங்கே பலகை பலகையாகக் கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கொட்டிலின் கூரைகூடக் கல் பலகைதான்.

சாயங்காலம் தாடிபத்ரியில் இறங்கினோம். அனந்தபுரம் மாவட்டத்தில் பெண்ணையாற்றங்கரை ஊர். அவர்கள் பென்னா என்கிறார்கள். நண்பர் வீட்டில் சோளரொட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் போட்டார்கள். அந்த அம்மாள் பேசிய தெலுங்கு எனக்குப் பாதி புரிந்தது, நான் பேசிய தெலுங்கு அவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. ஆனாலும் மாமியாரைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் இரண்டு பேரும் ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், குகைக்குப் போனோம். தாடிபத்ரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கொலிமிகுண்ட்லா பக்கத்தில், இப்போது நந்தியால் மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. மலை, காடு எதுவும் கிடையாது. சமதரையில் கிணறு மாதிரி வாய் திறந்திருக்கிறது, படி இறங்கிப் போக வேண்டியதுதான். மொத்த நீளம் 3,229 மீட்டர், அதில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குப் பார்வையாளர்களை விடுகிறார்கள். 1884-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றிக் குறித்து வைத்தாராம். 1863-இல் நம் பல்லாவரத்தில் ஆதிமனிதன் செய்த கல் கருவியைக் கண்டெடுத்தவரும் இவர்தான். பிறகு 1982, 83-இல் டேனியல் கெபவுர் என்ற ஜெர்மானியர் ஒரு குழுவோடு வந்து உள்ளே முழுக்க அளந்திருக்கிறார். விளக்குப் போட்டு, பாதை அமைத்து, 2002-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்துப் போர்வை எடுத்துப் போனேன். நல்ல வேடிக்கை! புழுக்கமென்றால் அப்படியொரு புழுக்கம், புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டது. காற்றுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதற்கடியில் போய் நின்று நின்று நடந்தோம். மூட்டுவலி உள்ளவர்களும் மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் யோசித்துத்தான் இறங்க வேண்டும். சில இடங்களில் குனிந்து போகவேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் கூரையிலிருந்து ஆலம் விழுது மாதிரி கல் இறங்கியிருக்கிறது. கோடிலிங்கம் என்ற பகுதியில் எங்கு பார்த்தாலும் லிங்கம் லிங்கமாகக் கல். மிகவும் தாழ்வான இடத்தை, வாசலிலிருந்து 46 மீட்டர் ஆழம், பாதாள கங்கை என்கிறார்கள். சப்தஸ்வர குகையில் தொங்கும் கற்களை மரக்குச்சியால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரத்தில் ஒலிக்கிறது.

எனக்குக் கண் போனது சுவர்மேல். அடுக்கு அடுக்காகத் தோசையை அடுக்கி வைத்த மாதிரி கல். என் வீட்டுச் சமையல் மேடையில் இருக்கிற அதே கறுஞ்சாம்பல் கல். ஆனால் சுவரும் கூரையும் கையால் இழைத்த மாதிரி வளைந்து குழிந்து கிடந்தன. "இதை யாருங்க குடைஞ்சாங்க?" என்று கேட்டேன். வழிகாட்டி சிரித்துவிட்டுச் சொன்னதை இவர் தமிழில் சொன்னார். யாரும் குடையவில்லை, தண்ணீர்தான். மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது லேசான அமிலமாகிவிடுகிறது. நாக்கில் வைத்தால் புளிப்புக்கூடத் தெரியாத அவ்வளவு லேசு. அது சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்துக் கரைத்து, எத்தனையோ லட்சம் வருஷங்களில் இவ்வளவு பெரிய குகையைச் செய்துவிட்டது.

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். சகோதரிகளே, பதினைந்து வருஷமாக என்னை வாட்டிய ஒரு சந்தேகம் அங்கே தீர்ந்தது.

எங்கள் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கக் கடப்பாக்கல் போட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, செம்பு எல்லாம் புளி போட்டுத் தேய்ப்பது அங்கேதான். நாளாக நாளாக அந்த இடம் மட்டும் வெளுத்துச் சொரசொரவென்று ஆகிவிட்டது. உப்புத் தண்ணீர்க் கறை என்று நினைத்துக்கொண்டு, கடையில் ஆசிட் வாங்கி ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு பொங்கியது. அடடா, அழுக்கு எப்படிப் பொங்கி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன்! காய்ந்ததும் முன்பைவிட வெளுத்திருந்தது. மறுபடி ஆசிட். கடைசியில் எலுமிச்சம்பழ மூடியால்கூடத் தேய்த்தேன். பொங்கியது அழுக்கில்லை, கல்லே. குகையைச் செய்த வேலையைத்தான் நான் பின்கட்டில் அவசர அவசரமாகச் செய்திருக்கிறேன்.

இதை இவரிடம் சொன்னதும், "அப்ப நம்ம வீட்டுலயும் இன்னும் கொஞ்ச நாள்ல டிக்கெட் போட்டு ஆளை விடலாம்னு சொல்லு" என்றார். குகைக்குள் நான் அவரை முறைத்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கல் பட்டறைகளுக்குப் போனோம். தாடிபத்ரியைச் சுற்றி மெருகு போடும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. சாலையோரமெல்லாம் அறுத்த கல்லின் சேறு காய்ந்து மேடு மேடாகக் கிடக்கிறது. குவாரியில் கல்லை அடுக்கின் இடுக்கில் உளி வைத்துப் பலகையாகப் பெயர்க்கிறார்கள். பட்டறையில் ஓரம் அறுத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சாணைக்கல் போன்ற வட்டைகளைச் சுழலவிட்டுத் தேய்க்கிறார்கள். முதலில் முரட்டு வட்டை, பிறகு நைசு, இன்னும் நைசு. எத்தனை தடவை தேய்க்கிறார்களோ அத்தனை பளபளப்பு. பெண்கள் இரண்டிரண்டு பேராகக் கல்லைப் பிடித்து நிறுத்தி அடுக்குகிறார்கள். அவர்கள் கையெல்லாம் மாவு பிசைந்த மாதிரி வெளுத்து, தோல் பிளந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு விலையில் ரொம்ப அடித்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. இவர் பேசினார்.

முதலில் எங்களுக்குக் காட்டியது கண்ணாடி மெருகு போட்ட கல். முகம் தெரிந்தது. இவருக்கு வாயெல்லாம் பல். "ஹாலுக்குப் போட்ட மாதிரியே இருக்கும்" என்றார். நான் ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றினேன். நாலு தினுசு கல்லைத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் போடச் சொன்னேன்: கண்ணாடி மெருகு, பாதி மெருகு, தோல் மாதிரி மேடு பள்ளமாக இழைத்தது, மெருகே போடாதது. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கலந்து ஊற்றிவிட்டு, இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நடந்தேன். வேலை செய்தவர்கள் எல்லாம் வட்டைகளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கண்ணாடி மெருகில் முதல் அடியிலேயே கால் போய்விட்டது. இவர் பிடிக்காவிட்டால் அத்தைக்குத் துணையாக நானும் படுத்திருப்பேன். மெருகே இல்லாத கல் கெட்டியாகப் பிடித்தது, ஆனால் பாதத்தில் குத்தியது. அதோடு அடுக்கடுக்கான கல் என்பதால் மெருகில்லாத முகத்தில் சில சமயம் சில்லுச் சில்லாகப் பெயருமாம். தோல் மாதிரி இழைத்ததை நடைக்கும் குளியலறை வாசலுக்கும் பின்கட்டுக்கும், பாதி மெருகைச் சமையலறைக்கும் எடுத்தோம். கல் வாங்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் கடையில் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். கண்ணால் பார்த்து வாங்கிய தரையால் நான் பட்டது போதும்.

கல்லைச் சோதிக்க அந்தப் பட்டறைப் பெரியவர் சில விஷயங்கள் சொல்லிக் கொடுத்தார். கல்லை நிறுத்தி வைத்து ஒரு ரூபாய் நாணயத்தால் தட்ட வேண்டும். கிண்ணென்று கேட்டால் நல்ல கல். சப்தம் அடைத்துக்கொண்டு கேட்டால் உள்ளே விரிசல். காலையில் குகையில் கேட்ட சுரம் ஞாபகம் வந்தது. அப்புறம் கல்லை நனைத்து வெயிலில் பார்க்கச் சொன்னார். ஈரத்தில்தான் உண்மை நிறமும் மயிரிழை விரிசலும் தெரியும். விரிசல் இருந்தால் மற்ற இடம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரமாக நிற்கும். மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரண்டு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் கல் கோணல், பதிக்கும்போது மேஸ்திரி திட்டுவார். கனம் எல்லாக் கல்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் நாலு சொட்டு விட்டு கால்மணி நேரம் கழித்துத் துடைத்தால், கறுத்த வட்டம் விழுகிற கல் எண்ணெயையும் அப்படியே குடிக்கும். நான் கையோடு கொண்டு போயிருந்த நகப்பூச்சுத் திரவத்தையும் தேய்த்துப் பார்த்தேன். துணி வெளுப்பாகவே இருந்தது. கறுப்பு என்று நாம் சொல்கிற கல் உண்மையில் இரும்புச் சாம்பல் நிறம். அதுவே அழகுதான்.

தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, ஒரே அடுக்கிலிருந்து வாங்கினோம். உடையும், வெட்டினால் வீணாகும், பின்னால் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதே நிறம் கிடைக்காது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 310 சதுர அடிக்காகத் தாடிபத்ரி வரை போவது லாபக் கணக்கில் வராது. லாரி வாடகை கல் விலையைத் தின்றுவிடும். அரக்கோணம் பக்கம் வேறொருவர் பெரிய வீட்டுக்கு ஏற்றிய லாரியில் எங்கள் கல்லும் ஒட்டிக்கொண்டு வந்ததால் தப்பித்தோம். நீங்கள் உங்கள் ஊரிலேயே வாங்கலாம், இந்தச் சோதனைகளை அங்கேயே செய்யலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

கிளம்புகிற நாள் காலையில் கோயில்களுக்குப் போனோம். விஜயநகர காலத்துக் கோயில்கள் இரண்டு இருக்கின்றன. ஆற்றங்கரையில் புக்க ராமலிங்கேஸ்வரர். புக்க என்றால் ஊற்று, லிங்கத்தடியில் எப்போதும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. முடிக்கப்படாமல் நின்றுவிட்ட கோபுரத்தில் ஒரு விரல் இடம்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். இன்னொன்று சிந்தல வெங்கடரமணர் கோயில், அங்கே கருட மண்டபம் கல் ரதமாகவே நிற்கிறது. அத்தைக்காக வேண்டிக்கொண்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு வண்டி ஏறினோம்.

கல் வந்து இறங்கிய பிறகுதான் பெரிய வேலை. மேஸ்திரி நல்லவர். கல்லையெல்லாம் கலவை போடாமல் முதலில் தரையில் பரப்பி, நிறம் பார்த்து மாற்றி மாற்றி வைத்த பிறகே பதித்தார். நடைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த இரண்டங்குலப் படியை எடுத்துவிடச் சொன்னேன். தண்ணீர் வெளியே வராமல் உள்பக்கம் சரிவு கொடுத்தார். பதித்த மறுநாள் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்தோம். இரண்டு கல் அடியில் பொள்ளல் சப்தம் வந்தது, முணுமுணுக்காமல் எடுத்து மறுபடி பதித்தார். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தோம்.

கடைசி நாள்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "அக்கா, ஆசிட் ரெண்டு பாட்டில் வாங்கி வையுங்க. சிமெண்ட் கறையெல்லாம் ஒரு வாஷ்ல போயிடும், பளிச்சுனு ஆயிடும்" என்றார். எதிர்த்துப் பேசாமல், முதல் நாள் ராத்திரி உடைந்த துண்டுக் கல்லில் நான் வைத்திருந்த எலுமிச்சை வட்டத்தை எடுத்துவிட்டுக் காட்டினேன். வட்டமாக வெளுத்திருந்தது. அவர் எச்சில் தொட்டுத் தேய்த்தார், போகவில்லை. துணியால் துடைத்தார், போகவில்லை. நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, "அட, கல்லையே தின்னுடுச்சே! நாங்க எத்தனை வீட்டுல ஊத்தியிருக்கோம்" என்றார். பிறகு அவரே ஆட்களை வைத்து, சிமெண்ட் படிந்த இடங்களை மரச்சில்லால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தார். அன்றன்றே துடைத்திருந்தால் இந்தச் சிரமமும் இல்லை.

இப்போது எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்பீர்கள். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி, புளித்த மாவு, வினிகர், குளிர்பானம் எது சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும். கழிவறை கழுவும் திரவங்களில் பலவற்றில் அமிலம் இருக்கிறது, அந்தத் துடைப்பமும் தண்ணீரும் இந்தக் கல் பக்கம் வரக்கூடாது. (ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதிலிருந்து வருவது விஷ வாயு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.) தினமும் முதலில் நன்றாகப் பெருக்கி, பிறகு வெறும் தண்ணீரில் துடைக்கிறேன். மண்ணோடு துடைத்தால் கல் கீறும். வாரம் ஒரு நாள் துளி சோப்புத் தண்ணீர், தோல் மாதிரி இழைத்த இடத்தில் மட்டும் தேங்காய் நார். சோப்பு தங்காமல் அலசிவிட வேண்டும், தங்கினால் அதுவே வழுக்கும். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் ஈரத்தை அப்படியே காயவிடாதீர்கள். படிகிற வெள்ளையும் சுண்ணாம்புதான், அதை எடுக்கிற அமிலம் கல்லையும் எடுக்கும். உலர்ந்த துணியால் ஒற்றிவிடுவதுதான் வழி.

எண்ணெய்க் கறைக்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் கறைமேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் திறந்து காயவிட்டு எடுத்தேன். கடலையெண்ணெய்க் கறை இரண்டு தடவையில் பெரும்பாலும் போய்விட்டது. மஞ்சள் கறை வெயில் படுகிற இடமானால் தானே மங்கிவிடும். ஆனால் புளி தின்ற வெளுப்பு கறையல்ல. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, மறுபடி சாணை பிடித்து மெருகு போட வேண்டியதுதான். சிலர் தேங்காயெண்ணெய் தடவி மறைப்பார்கள். நாலு நாள் கறுப்பாக இருக்கும், பிறகு தூசி அப்பிக்கொண்டு பிசுக்காகிவிடும். நடக்கிற தரையில் எண்ணெய் தடவுவதைப் போல ஆபத்து வேறில்லை. கறை இறங்காமலிருக்க 'சீலர்' என்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. நன்றாகக் காய்ந்த கல்லில் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தண்ணீர்ச் சொட்டு கல்லில் இறங்க ஆரம்பித்தால் மறுபடி பூசலாம். அது எண்ணெயைத் தடுக்கும், புளியைத் தடுக்காது.

இதெல்லாம் கடப்பாக்கல்லுக்கு மட்டுமில்லை. ராஜஸ்தானத்துக் கோட்டா கல், கர்நாடகத்து ஷாபாத் கல் இரண்டும் சுண்ணாம்புக்கல்தான். பளிங்கும், தாஜ்மஹாலுக்குப் போட்ட மக்ரானா பளிங்கு உட்பட, சுண்ணாம்புச் சத்துதான். கிருஷ்ணகிரி பக்கத்து கிரானைட் வேறு ஜாதி, எலுமிச்சைக்கு அசையாது. அடுக்களை மேடைக்கு அதுவே வசதி. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், மூலையில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.

தரை போட்டு முடிந்ததும் அத்தை இரண்டு நாள் அறை வாசலிலேயே நின்று பார்த்தார். மூன்றாம் நாள் கைத்தடியால் கல்லை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு செருப்பில்லாமல் ஒரு காலை வைத்தார். "சொரசொரன்னு நல்லாத்தான் இருக்கு. பழைய காவித் தரை மாதிரி" என்றார். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். சுவரைப் பிடிக்காமல் அவர் சமையலறை வரை வந்து, "குழம்புல உப்பு போட்டியா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை பின்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்து, விளக்குகளைக் கொண்டுவரச் சொன்னார். விளக்குகளோடு ஒரு பிளாஸ்டிக் தொட்டியையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"புளித் தண்ணி கல்லுல படக்கூடாதுங்க அத்தை."

"நாப்பது வருஷமா தேய்க்கிறேன், இப்ப தொட்டிக்குள்ள வச்சுத் தேய்க்கணுமா? நல்லா இருக்குடி உன் கல்லு" என்று முணுமுணுத்துக்கொண்டே குத்துவிளக்கைத் தொட்டிக்குள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கழுவ எடுக்கும்போது இரண்டு சொட்டு வெளியே விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டார்.